எத்தியோப்பியாவுக்குக் கடல் எந்தப் பக்கம்?

ஆவாஷ் என்று ஓர் ஆறு. அடிஸ் அபாபாவுக்கு மேற்கே மலைநாட்டில் பிறந்து, கிழக்கே சரிந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வழியில் கரும்புக்கும் பருத்திக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு அஃபார் பாலைநிலத்துக்குள் நுழைந்து, ஜிபூட்டி எல்லையில் இருக்கும் அப்பே ஏரியில் முடிந்துபோகிறது. அங்கிருந்து கடலுக்கு ஒரு நாள் லாரிப் பயணம்கூட இல்லை. ஆனாலும் ஆறு போய்ச் சேர்வதில்லை.

அந்த ஆறு ஓடும் எத்தியோப்பியாவின் நிலைமையும் அதுதான். சுமார் 13 கோடி மக்கள், 11 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம். தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்குக்கு மேல். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவுக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் வாழும் நாடு. உலகில் கடற்கரை இல்லாத நாடுகளிலேயே மக்கள்தொகையில் முதலாவது. செங்கடலுக்கு மிக அருகில் வரும் இடத்தில் அதன் எல்லைக்கும் கடலுக்கும் நடுவே 60 கிலோமீட்டர்தான் இருக்கிறது. 1908இல் இத்தாலியும் மெனெலிக் பேரரசரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், கரையிலிருந்து 60 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, கடலுக்கு இணையாக ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு இன்றைக்கும் எல்லையாக நிற்கிறது.

ஆக, இந்த நாடு தன் சரக்கை யாருடைய துறைமுகத்தின் வழியாக ஏற்றி இறக்குவது? ஜிபூட்டி, எரித்திரியாவின் அஸ்ஸாப், சோமாலிலாந்தின் பெர்பெரா, கென்யாவின் லாமு, சூடானின் போர்ட் சூடான். வாசல்கள் ஐந்து. இவற்றை ஒப்பிடும்போது வழக்கமாகத் தூரம் எத்தனை கிலோமீட்டர், கட்டணம் எத்தனை டாலர், கப்பல் நிற்க எத்தனை மீட்டர் ஆழம் என்று பார்ப்பார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். நான் இங்கே முதலில் பார்க்கப்போவது, அந்தச் சாலையோரம் யார் குடியிருக்கிறார்கள் என்பதை. எத்தியோப்பியாவிலிருந்து கடலுக்குப் போகிற ஒவ்வொரு பாதையும், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து வாழும் ஏதோ ஒரு மக்களின் நிலத்தைக் கடந்துதான் போகிறது. துறைமுகத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் எந்த மக்களோடு சமாதானமாக இருக்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுப்பது. நாட்டைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அதனால் முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம்.

மேலே குளிர், கீழே உப்பு

அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிடச் சற்று உயரம். ஒரு தலைநகரமே அந்தக் குளிரில் இருக்கிறதென்று நினைத்துப் பாருங்கள். நாட்டின் நடுப்பகுதி முழுக்க இப்படிப்பட்ட மேட்டுநிலம். வடக்கே ராஸ் டஷேன் சிகரம் 4,500 மீட்டருக்கு மேல். மேற்கே டானா ஏரியிலிருந்து நீல நைல் கிளம்புகிறது. அங்கே அதற்கு அபாய் என்று பெயர். நைலில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழைதான். இந்த மேட்டுநிலத்தைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் பிளந்துகொண்டு பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு போகிறது. வடகிழக்கு மூலையில் பள்ளம் விரிந்து டனகில் தாழ்நிலமாகிறது. அது கடல் மட்டத்துக்கும் 100 மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. உலகிலேயே மனிதர் வாழும் மிகச் சூடான இடங்களில் ஒன்று. உப்புப் பாளங்களை வெட்டி ஒட்டகத்தில் ஏற்றி மேட்டுநிலச் சந்தைக்குக் கொண்டுபோவது அஃபார் மக்களின் பழைய தொழில். ஒரு காலத்தில் அந்த உப்புக்கட்டியே காசாகவும் புழங்கியது. 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, உலகம் லூசி என்று அழைக்கும் மூதாயின் எலும்புகள் 1974இல் கிடைத்ததும் இதே அஃபார் பகுதியில், ஹதார் என்ற இடத்தில்தான்.

துறைமுகக் கணக்குக்கு இந்த நில அமைப்புதான் அடித்தளம். கடலோரத்தில் ஏற்றிய கன்டெய்னர் முதலில் நெருப்பாகக் கொதிக்கும் தாழ்நிலத்தைக் கடக்க வேண்டும், அப்புறம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். எந்த வாசலை எடுத்தாலும் இந்த ஏற்றத்திலிருந்து தப்பிக்க முடியாது.

மக்கள் என்று பார்த்தால் எண்பதுக்கு மேற்பட்ட மொழிகள். ஒரோமோ மக்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அம்ஹாரா மக்கள் கால் பங்குக்குச் சற்று மேல். சோமாலியரும் டிக்ரே மக்களும் எண்ணிக்கையில் அடுத்து வருகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் எல்லோரும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மாநிலங்களைப் பெரும்பாலும் மொழி, இனம் பார்த்துப் பிரித்தது. அம்ஹாரி, டிக்ரிஞா இரண்டையும் எழுதும் கீஸ் எழுத்து தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு சேர்ந்து ஏழு வடிவம் எடுக்கும், நம் உயிர்மெய் போல. 2000க்குப் பிறகு எத்தியோப்பியா நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் திறந்தபோது தமிழ்நாட்டிலிருந்தும் விரிவுரையாளர்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். அவர்களில் யாரையாவது தெரிந்திருந்தால் அந்த எழுத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

பொருளாதாரத்தில் விவசாயம்தான் முதுகெலும்பு. உழைப்பவர்களில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறார்கள். அரபிகா காப்பிக்குப் பிறந்த ஊரே எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள். ஆப்பிரிக்காவில் அதிகம் காப்பி விளைவதும் இங்கேதான். விளைவதில் ஏறக்குறைய பாதியை அவர்களே வீட்டில் வறுத்து, இடித்து, குடித்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். மீதி ஏற்றுமதியாகிறது. அப்புறம் எள், பயறு வகைகள், தங்கம், ஆடுமாடு, விமானத்தில் போகும் ரோஜாப் பூ. வருவது என்ன? பெட்ரோல், டீசல், உரம், கோதுமை, சமையல் எண்ணெய், இரும்பு, இயந்திரம். எடைக்கணக்கில் உள்ளே வருவது வெளியே போவதைவிடப் பல மடங்கு. நிரம்பி வரும் கன்டெய்னர்களில் பெரும்பாலானவை காலியாகத் திரும்புகின்றன. காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகும் செலவும் உள்ளே வரும் சாமானின் விலையில்தான் ஏறுகிறது. ஒரு மூட்டை யூரியா எந்த விலைக்கு ஒரு விவசாயி கைக்கு வருகிறது என்பதில் துறைமுகத்துக்கும் பங்கு இருக்கிறது.

ஜிபூட்டி: பழகிய வாசல்

இன்றைக்கு எத்தியோப்பியாவின் கடல்வழி வணிகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஜிபூட்டி வழியாகத்தான் நடக்கிறது. ஜிபூட்டி என்பது பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் கொண்ட ஒரு சின்ன நாடு. 1977இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. இந்தப் பாதை அதைவிடப் பழையது. 1897இல் பிரெஞ்சுக்காரர்கள் தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள். 1902இல் டிரே தாவா வரைக்கும், 1917இல் அடிஸ் அபாபா வரைக்கும் ரயில் வந்தது. டிரே தாவா என்ற ஊரே அந்த ரயிலால் பிறந்தது.

பழைய ரயில் தேய்ந்து ஓய்ந்தபின் சீனக் கடனில், சீன நிறுவனங்கள் கட்டிய மின்சார ரயில் 2018 ஜனவரியில் வணிக ஓட்டம் தொடங்கியது. சுமார் 750 கிலோமீட்டர். லாரிக்கு இரண்டு மூன்று நாள் ஆகும் தூரத்தை ரயில் ஒரு நாளுக்குள் கடந்துவிடும். அடிஸுக்குத் தென்கிழக்கே மோஜோவில் உலர் துறைமுகம் இருக்கிறது. கன்டெய்னர் அங்கே வந்து சுங்கம் முடிந்து பிரிகிறது. கேட்க ஒழுங்காக இருக்கிறது. நடைமுறையில் மின்வெட்டு, கம்பித் திருட்டு, தண்டவாளத்தில் ஏறிவிடும் ஒட்டகமும் மாடும் என்று தொல்லைகள் உண்டு. ஒட்டகம் அடிபட்டால் மேய்ப்பவருக்கு இழப்பீடு கொடுத்தாக வேண்டும். கொடுக்கத்தானே வேண்டும், அவருக்கு அதுதான் சொத்து. இன்னமும் பெரும்பகுதி சரக்கை லாரிகள்தான் சுமக்கின்றன. மிலே, கலாஃபி வழியாக அஃபார் நிலத்தில் நாள்தோறும் அவை வரிசை கட்டிப் போகின்றன.

ஜிபூட்டியின் மேல் சொல்லப்படும் முதல் குறை செலவு. துறைமுகக் கட்டணமாக ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் போகிறது என்று எத்தியோப்பியத் தரப்பு சொல்லி வருகிறது. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடி, 2023 டிசம்பரில் ஒரு கடன் பத்திரத்துக்கு வட்டி கட்டத் தவறி, 2024 ஜூலையில் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடமே விட்டுவிட்ட நாட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல. இரண்டாவது குறை, ஒரே வாசலை நம்பி நிற்பது. மூன்றாவது, அந்த வாசலில் கூடியிருக்கும் காவல்காரர்கள். அமெரிக்கா, பிரான்ஸ், சீனா, ஜப்பான், இத்தாலி என்று ஐந்து நாடுகளுக்கு அந்தச் சின்ன மண்ணில் படைத்தளம் இருக்கிறது. டொராலே கன்டெய்னர் முனையத்தை நடத்திவந்த துபாய் நிறுவனமான டிபி வேர்ல்டிடமிருந்து 2018இல் ஜிபூட்டி அரசு அதைப் பிடுங்கிக்கொண்டது. அந்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. ஒப்பந்தம் என்பது ஆட்சியாளரின் மனநிலையைப் பொறுத்தது என்றால் பக்கத்து நாட்டுக்குத் தூக்கம் வராது.

இந்தக் குறைகளைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஜிபூட்டிக்கு 2011 முதல் மின்சாரம் எத்தியோப்பியாவிலிருந்து போகிறது. 2017 முதல் குடிநீர் குழாய் வழியாகப் போகிறது. காய்கறி போகிறது. பிற்பகலில் மெல்ல, லேசான போதை தரும் காத் இலை தினமும் புதிதாகப் போகிறது. அது ஒரு நாள் வராவிட்டால் ஜிபூட்டி நகரமே முணுமுணுக்கும். துறைமுக வருமானத்தில் பெரும்பங்கும் எத்தியோப்பியச் சரக்கால் வருவது. பிடி ஒரு பக்கம் மட்டும் இல்லை, இரண்டு கழுத்திலும் இருக்கிறது. எனக்கு இதுதான் ஜிபூட்டியின் பெரிய பலமாகத் தெரிகிறது.

பாதையோர மக்கள்? ஜிபூட்டியில் வாழ்பவர்கள் பெரும்பாலும் இஸ்ஸா சோமாலியரும் அஃபார்களும். எல்லை தாண்டினால் எத்தியோப்பியப் பக்கமும் அவர்களேதான். மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும், நெடுஞ்சாலையோரச் சிற்றூர்கள் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவை என்பதற்கும் அஃபார்களுக்கும் இஸ்ஸாக்களுக்கும் நெடுங்காலச் சண்டை இருக்கிறது. அது வெடிக்கும் நாட்களில் சாலை அடைபடும். 2021 நவம்பரில், வடக்கே டிக்ரே மாநிலத்தில் மூண்ட உள்நாட்டுப் போரின்போது, டிக்ரே படைகள் மிலே நோக்கி முன்னேறியபோது, அது விழுந்தால் ஜிபூட்டிச் சாலை அறுந்துவிடும் என்பதால் தலைநகரமே நடுங்கியது. கப்பலும் கிரேனும் நன்றாகத்தான் வேலை செய்தன. ஆபத்து எத்தியோப்பிய மண்ணுக்குள்ளேயே இருந்தது. துறைமுகத்தை மாற்றினால் தீர்கிற பிரச்சினையா அது?

அஸ்ஸாப்: மிக அருகே, மிகத் தொலைவே

வரைபடத்தை மட்டும் பார்த்தால் அஸ்ஸாப்தான் சரியான விடை. எல்லையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். இத்தாலியர் காலத்தில் போட்ட சாலை கொம்போல்சா, தெஸ்ஸி வரைக்கும் போகிறது. வடகிழக்கு எத்தியோப்பியாவுக்கு இதைவிட அருகில் வேறு கடல் கிடையாது. 1998 வரை நாட்டின் இறக்குமதியில் பெரும்பகுதி அங்கேதான் இறங்கியது. சோவியத் உதவியில் கட்டிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அங்கே இருந்தது, 1997இல் மூடப்படும் வரை.

வரலாற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்ஸும் அரசுக்கு அடூலிஸ் என்ற துறைமுகம் இருந்தது, இன்றைய எரித்திரியாவின் மஸ்ஸாவாவுக்கு அருகே. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று அடூலிஸில் தந்தம் கிடைக்கும் என்று சொல்கிறது, பின்னால் முசிறியில் மிளகு கிடைக்கும் என்றும் சொல்கிறது. ஒரே காற்றை நம்பி ஓடிய கப்பல்கள். 1557இல் மஸ்ஸாவா துருக்கியர் கைக்குப் போனது. 1869இல் ஓர் இத்தாலியக் கப்பல் நிறுவனம் அஸ்ஸாப் விரிகுடாவில் நிலம் வாங்கியது. 1890இல் எரித்திரியா இத்தாலியக் குடியேற்ற நாடானது. 1896இல் அட்வா போரில் மெனெலிக்கின் படை இத்தாலியை முறியடித்தது. ஆப்பிரிக்க மண்ணில் ஐரோப்பியப் படைகள் வாங்கிய மிகப் பெரிய அடிகளில் ஒன்று அது. ஆனால் கடற்கரை இத்தாலியிடமே நின்றுவிட்டது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஐக்கிய நாடுகள் சபை, எத்தியோப்பியாவுக்குக் கடல் தேவை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 1952இல் எரித்திரியாவை அதனோடு கூட்டாட்சியில் இணைத்தது. பத்தே ஆண்டில் ஹைலே செலாசி பேரரசர் கூட்டாட்சியைக் கலைத்து எரித்திரியாவை ஒரு மாகாணமாக்கிவிட்டார். எல்லாம் கெட்டது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். கூட்டாட்சியை மதித்திருந்தால் எத்தியோப்பியா இன்றைக்கும் அஸ்ஸாபில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கலாம். முப்பது ஆண்டு விடுதலைப் போர், 1991இல் எரித்திரியர் வெற்றி, 1993இல் பொதுவாக்கெடுப்பு, 99 சதவீதத்துக்கு மேல் ஆம் என்ற வாக்கு. புதிய நாடு பிறந்தது, கடல் போனது. ஐந்து ஆண்டுகள் துறைமுகம் பொதுப் புழக்கத்தில் இருந்தது. 1998 மே மாதம் பட்மே என்ற சிற்றூரை வைத்து எல்லைப் போர் மூண்டது. இரண்டு ஆண்டுகளில் பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அஸ்ஸாபில் கிரேன்கள் நின்றன. சரக்கெல்லாம் ஜிபூட்டிக்குத் திரும்பியது அப்போதுதான்.

2018 ஜூலையில் எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதுவும் எரித்திரிய அதிபர் இசையாஸ் அஃபெவெர்கியும் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11, எத்தியோப்பியப் புத்தாண்டு அன்று எல்லை திறந்தது. எல்லையூரான ஜலம்பெஸாவில் இருபது ஆண்டுகளாகப் பார்க்காத உறவினர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு பக்கமும் ஒரே டிக்ரிஞா மொழி, ஒரே கோயில் வழக்கம், ஒரே குடும்பங்கள். சந்தையில் சாமான் குவிந்தது. சில மாதங்களில் எல்லை வாசல்கள் ஒவ்வொன்றாக மறுபடி மூடிக்கொண்டன. அபிய்க்கு 2019இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 2020 நவம்பரில் டிக்ரே போர் தொடங்கியது. எரித்திரியப் படையும் உள்ளே வந்து சண்டையிட்டது. 2022 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிப் போர் ஓய்வதற்குள் இறந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2023 அக்டோபரில் அபிய், செங்கடல் எத்தியோப்பியாவின் உயிர்ப் பிரச்சினை என்று பேசினார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. எல்லைக்கு 70 கிலோமீட்டரில் ஒரு துறைமுகம் வெயிலில் சும்மா கிடக்க, தூரத்து வாசலுக்குக் காசு கொட்டுவது யாருக்கும் வலிக்கும். ஆனால் அஸ்ஸாபைப் பணம் கொடுத்தும் ஒப்பந்தம் போட்டும் பயன்படுத்துவது ஒன்று, படை அனுப்பி எடுப்பது வேறொன்று. இரண்டாவது வழியை ஒரு தெரிவாகவே நான் பட்டியலில் சேர்க்க மாட்டேன். போர் நடந்தால் அது நடக்கப்போவது டிக்ரேயின் வயல்களிலும் அஃபாரின் கிணற்றடிகளிலும்தான். அந்த மக்கள் ஏற்கெனவே தங்கள் பங்குக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். போதாததற்கு, படையால் பிடித்த துறைமுகத்துக்குக் கப்பல் நிறுவனங்களும் காப்பீட்டாரும் எளிதில் வர மாட்டார்கள். சர்வதேசக் கடல் சட்டத்தில் கடற்கரை இல்லாத நாட்டுக்குக் கடலை எட்டும் உரிமை உண்டு. ஆனால் எந்த வழி, என்ன விதிமுறை என்பதை இடையில் இருக்கும் நாட்டோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெர்பெரா: ஆட்டு மந்தை காட்டிய வழி

ஏடன் வளைகுடாவில் இருக்கிறது பெர்பெரா. சோமாலிலாந்து 1991இல் சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்தது. தனி அரசு, தனி நாணயம், தேர்தல், ஆட்சி மாற்றம் எல்லாம் உண்டு. உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை மட்டும் இன்னும் அதைத் தனி நாடாக ஏற்கவில்லை.

2016இல் டிபி வேர்ல்ட் இந்தத் துறைமுகத்தை நடத்தும் ஒப்பந்தம் போட்டது. 2018இல் எத்தியோப்பியா 19 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. நிபந்தனைகளை நிறைவேற்றாததால் அந்தப் பங்கு கைநழுவியது என்று 2022இல் சோமாலிலாந்து அறிவித்தது. எத்தியோப்பியா செய்த தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இது. சத்தம் இல்லாமல், சண்டை இல்லாமல் ஒரு துறைமுகத்தில் பங்காளியாக உட்காரும் வாய்ப்பு அது. 2021இல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் கன்டெய்னர் கையாளக்கூடிய புது முனையம் அங்கே திறந்தது. எல்லையூரான வஜாலே வரை நல்ல சாலையும் போட்டார்கள். அங்கிருந்து ஜிஜிகா, ஹரார் வழியாக மேலே ஏறலாம். அடிஸுக்குத் தூரம் ஜிபூட்டிச் சாலையைப் போலத்தான். கிழக்கு எத்தியோப்பியாவுக்கு இது இன்னும் அருகில்.

இந்தப் பாதையை அரசுகள் கண்டுபிடிக்கவில்லை. எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியில் வளரும் ஆடுகளும் ஒட்டகங்களும் பல தலைமுறைகளாகப் பெர்பெராவில்தான் கப்பலேறுகின்றன. ஹஜ் காலத்தில் சவூதிக்குப் போகும் ஆடுகள் லட்சக்கணக்கில். எதிர்த்திசையில் அரிசி, சர்க்கரை, துணி வருகிறது. ஹராருக்கு அருகே அவடாய் சந்தையில் விடியும் முன் கட்டப்படும் காத் கட்டுகள் மதியத்துக்குள் சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சா சேர்ந்துவிடும். எல்லையின் இரண்டு பக்கமும் சோமாலியரே. பல குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் கிணறும் உறவும் உண்டு. இந்த வணிகத்தில் பெரும்பகுதி சுங்கக் கணக்கில் ஏறுவதே இல்லை. எல்லாவற்றையும் கடத்தல் என்று பெயர் வைத்து அடைப்பதைவிட, சின்ன வியாபாரிக்கு எளிய உரிமம் கொடுத்து உள்ளே இழுப்பதுதான் புத்தி.

சிக்கல் 2024 ஜனவரி 1 அன்று வந்தது. எத்தியோப்பியாவும் சோமாலிலாந்தும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. கடற்படைத் தளத்துக்காக 20 கிலோமீட்டர் கடற்கரை 50 ஆண்டுக் குத்தகைக்கு, பதிலுக்குச் சோமாலிலாந்தை நாடாக ஏற்பது என்ற பேச்சு. சோமாலியா கொதித்தது. எகிப்து சோமாலியாவின் பக்கம் ஆயுதத்தோடு வந்து நின்றது. நைல் அணை விவகாரத்தில் எத்தியோப்பியா மேல் அதற்கு ஏற்கெனவே கோபம். 2024 டிசம்பரில் துருக்கி நடுவில் புகுந்து அங்காராவில் சோமாலியாவையும் எத்தியோப்பியாவையும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட வைத்தது. துறைமுகம் கேட்ட இடத்தில் கடற்படைத் தளத்தையும் சேர்த்துக் கேட்டதுதான் காரியத்தைக் கெடுத்தது. உரமும் கோதுமையும் இறக்கப் போர்க்கப்பல் எதற்கு?

பெர்பெராவுக்கு இன்னொரு நல்ல குணம், அது செங்கடலின் தென்வாசலான பாப்-எல்-மந்தப் நீரிணைக்கு நன்றாக வெளியே இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது இதன் மதிப்பு தெரிந்தது. அஸ்ஸாப் நீரிணைக்கு உள்ளே. ஜிபூட்டி வாசற்படியிலேயே. இந்தியா, சீனாவிலிருந்து வரும் கப்பல் பெர்பெராவுக்குப் போக அந்த இடுக்கின் பக்கமே போக வேண்டாம்.

லாமு, போர்ட் சூடான்

இவை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லாமுவில் முதல் கப்பல்துறை 2021 மே மாதம் திறந்தது. ஆழமான நல்ல துறைமுகம். ஆனால் அடிஸ் வெகுதூரம், லாமுவிலிருந்து இசியோலோ வரும் சாலை, சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல்-ஷபாப் நடமாட்டமுள்ள காட்டுப்பகுதியை ஒட்டி வருகிறது. தெற்கே போரனா, மொயாலே பக்கத்து மக்களுக்கு ஒரு நாள் உதவும். தலைநகரத்துக்கு உதவாது. போர்ட் சூடான் வடமேற்கின் எள்ளுக்கும் அங்கிருக்கும் கோண்டர் நகருக்கும் இயல்பான வழி. 2023 ஏப்ரலில் தொடங்கிய சூடான் உள்நாட்டுப் போர் முடியாமல் அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

எந்தச் சரக்கு எந்த வாசலில்

என் கையில் முடிவு இருந்தால் ஒரு துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டேன், சரக்கைப் பிரிப்பேன். உகாண்டாவும் ருவாண்டாவும் மொம்பாசா, தார் எஸ் ஸலாம் இரண்டையும் வைத்துத்தானே ஓட்டுகின்றன? ஒன்று அடைத்தால் மற்றொன்று, ஒருவர் கட்டணம் ஏற்றினால் இன்னொருவர்.

ரயில் இருப்பதால் கன்டெய்னரில் பெரும்பகுதி ஜிபூட்டியிலேயே இருக்கட்டும். ஜிபூட்டிப் பக்கத்து அஃபார் நிலத்தில் இருக்கும் தஜூரா துறைமுகத்தின் நிர்வாகத்தை எத்தியோப்பியாவிடம் விடத் தயார் என்று ஜிபூட்டியே 2024இல் சொன்னது. அதை உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். டிக்ரேக்கும் வடக்கு அம்ஹாராவுக்கும் அது கலாஃபிச் சாலையைவிட வசதி. போரில் நொறுங்கிய, டிக்ரேயின் தலைநகரான மெக்கெல்லேயின் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வர ஒரு சொந்த வழி கிடைக்கும். கிழக்குப் பகுதியின் ஆடு, உணவு தானியம், உரம் எல்லாம் பெர்பெரா வழியாக, வெறும் வணிக ஒப்பந்தமாக, தளம் என்ற பேச்சே இல்லாமல், மொகதிஷுவில் இருக்கும் சோமாலிய அரசையும் கலந்துகொண்டு. அஸ்ஸாபுக்குப் பெரிய உச்சிமாநாடு எதுவும் இப்போது வேண்டாம். ஜலம்பெஸா சந்தை வாரம் இரண்டு நாள் திறந்தாலே போதும். அப்புறம் லாரி, அப்புறம் துறைமுகம்.

வாசல் வழியே வருவதைக் குறைப்பதும் இதில் ஒரு பாதி. 2025 செப்டம்பரில் நீல நைலின் மேல் பெரும் மறுமலர்ச்சி அணை திறக்கப்பட்டது. 5,150 மெகாவாட் திறன். அந்த மின்சாரத்தை நம்பித்தான் 2024இலேயே பெட்ரோல், டீசல் கார்களை இறக்குமதி செய்வதற்குத் தடை போட்டு மின்சாரக் கார்களின் பக்கம் திரும்பினார்கள். சோமாலிப் பகுதியின் இயற்கை எரிவாயுவை வைத்து யூரியா தயாரிக்க 2025இல் நைஜீரியாவின் டாங்கோட்டே நிறுவனத்தோடு ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது. அந்த ஆலை சொன்னபடி வந்தால் கப்பலில் வரும் உரத்தின் சுமை பெரிதாகக் குறையும். ஆனால் எரிவாயு கிடைக்கும் அந்த நிலத்து மேய்ப்பர்களுக்கு வேலையும் தண்ணீரும் முதலில் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் போகும் பாதையும் நெடுஞ்சாலை போலவே அடைபடும்.

அதுவரைக்கும் உரம் கடலில்தான் வரும். மேட்டுநிலத்தில் பெருமழை ஜூனில் பிடிக்கும், மூட்டை அதற்கு முன் கிராமத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் ஜிபூட்டியில் கப்பல்கள் வரிசையில் நின்றால், மேட்டுநிலத்து அர்சியில் ஒரு விவசாயி மழையைப் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்பார். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டுமாவது, உரக்கப்பல்களில் மூன்றில் ஒன்றைப் பெர்பெராவுக்குத் திருப்பிப் பார்க்கலாம். அதற்கு எந்த எல்லைக்கோட்டையும் மாற்ற வேண்டியதில்லை.